சட்டைப் பையில் சீட்டு உண்டா?

ஐன்ஸ்டீன் கேட்ட கேள்விக்கு அணு உலகம் சொன்ன பதில்

சேலத்து வெள்ளிக் கொலுசு நாடெங்கும் பெயர் பெற்றது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால், வெள்ளி வேலை செய்யும் சத்தம் காதில் விழும்.

ஒரு பட்டறையில் இரண்டு ஜோடிக் கொலுசுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி மாங்காய் வேலைப்பாடு. இன்னொரு ஜோடி மயில் வேலைப்பாடு.

ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு ஜோடியை எடுக்கிறார். ஒரு கொலுசை ஒரு டப்பாவில் வைக்கிறார். அதன் ஜோடியை இன்னொரு டப்பாவில் வைக்கிறார். இரண்டையும் மூடி விடுகிறார்.

ஒரு டப்பா நாமக்கல்லுக்குப் போகிறது. மற்றது ஆத்தூருக்குப் போகிறது.

நாமக்கல்லில் உள்ள அக்காள் டப்பாவைத் திறக்கிறாள். உள்ளே மாங்காய்க் கொலுசு! உடனே அவளுக்கு ஒன்று தெரிந்துவிடுகிறது. ஆத்தூரில் உள்ள தங்கையின் டப்பாவிலும் மாங்காய்க் கொலுசுதான்.

தந்தி வரவில்லை. டெலிபோன் வரவில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

இதில் அதிசயம் ஏதும் உண்டா? இல்லை. எந்தக் கொலுசு என்பது சேலத்திலேயே முடிவாகிவிட்டது. டப்பா மூடியிருந்ததால் நமக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஆனால், அணுவை ஆராய்ந்த விஞ்ஞானிகள் வேறு விதமாகச் சொன்னார்கள். "டப்பாவைத் திறக்கும் வரையில் உள்ளே இருப்பது மாங்காயும் அல்ல, மயிலும் அல்ல. திறக்கும்போதுதான் அது முடிவாகிறது. அப்படியிருந்தும் இரண்டு டப்பாக்களும் தவறாமல் ஒத்துப்போகின்றன" என்றார்கள்.

இது என்ன பேச்சு! யாராவது நம்புவார்களா?

உலகம் போற்றிய மேதை ஐன்ஸ்டீனும் நம்பவில்லை. அதனால் எழுந்த வழக்கு ஏறக்குறைய 80 ஆண்டுகள் நடந்தது. அந்த வழக்கின் கதைதான் இது.

ஐன்ஸ்டீனின் சந்தேகம்

கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய பொருள்களைத் துகள்கள் என்கிறார்கள். மின்சாரத்தைச் சுமக்கும் எலெக்ட்ரான் ஒரு துகள். ஒளியும் ஒளித்துகள்களாக வருகிறது. இவற்றின் நடத்தையைச் சொல்லும் சாஸ்திரத்துக்குக் குவாண்டம் தத்துவம் என்று பெயர்.

அந்தத் தத்துவம் சொன்ன கணக்குகள் எல்லாம் சரியாக இருந்தன. அதைப் பற்றி ஐன்ஸ்டீனுக்குச் சந்தேகம் இல்லை. "கணக்கு சரி. ஆனால் கதை முழுமையாக இல்லையே!" என்பதுதான் அவர் குறை.

1935-ம் ஆண்டு, பொடால்ஸ்கி, ரோசன் என்ற இரு துணைவர்களுடன் சேர்ந்து அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜோடியாகப் பிறந்து பிரிந்து போகும் இரண்டு துகள்களைப் பற்றி அதில் எழுதினார். ஒன்றைப் பார்த்தால் மற்றதன் நிலை தெரிந்துவிடுகிறது. ஆகவே, அந்த நிலை முன்பே அங்கே இருந்திருக்கத்தான் வேண்டும். குவாண்டம் தத்துவம் அதைச் சொல்லவில்லை என்றால், தத்துவத்தில் ஏதோ விடுபட்டுப் போயிருக்கிறது. இதுவே அவர் வாதம்.

விடுபட்டுப்போன அந்தப் பொருளுக்கு 'மறைந்திருக்கும் காரணி' என்று பெயர் வந்தது. நாம் எளிமையாக, 'சட்டைப் பைக்குள் இருக்கும் ரகசியச் சீட்டு' என்று வைத்துக்கொள்வோம்.

துகளிடம் அப்படி ஒரு சீட்டு உண்டா, இல்லையா?

டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர், "இல்லை" என்றார். அதற்கு முன்பே, 1932-ம் ஆண்டு, கணித மேதை வான் நாய்மன், "அப்படி ஒரு சீட்டு இருக்கவே முடியாது" என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். பெரியவர் சொல்லிவிட்டார். பலரும் நம்பிவிட்டார்கள்.

அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. 1935-ம் ஆண்டிலேயே கிரெட்டே ஹெர்மன் என்ற ஜெர்மன் பெண்மணி அதைக் கண்டுபிடித்து எழுதினார். அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலை இழந்த விஞ்ஞானி

அடுத்து அரங்குக்கு வந்தவர் டேவிட் போம். 1917-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்தார்.

அது கம்யூனிஸ்டு வேட்டை நடந்த காலம். 1949-ம் ஆண்டு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு அவரை அழைத்தது. நண்பர்களைப் பற்றிக் கேள்வி கேட்டது. போம் பதில் சொல்ல மறுத்தார். 1950-ல் கைது செய்யப்பட்டார். 1951-ல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுதலை செய்தது. ஆனாலும் வேலை போனது போனதுதான்!

பிழைப்பைத் தேடி பிரேசில் நாட்டுக்குப் போனார். 1952-ம் ஆண்டு அவருடைய இரண்டு கட்டுரைகள் வெளியாயின.

அவற்றில் போம் என்ன செய்தார்? வான் நாய்மன் "முடியாது" என்று சொன்னதைச் செய்து காட்டினார். துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. ஓர் அலை அதற்கு வழி காட்டி அழைத்துச் செல்கிறது. இப்படி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும், குவாண்டம் தத்துவத்தின் விடைகள் அப்படியே வந்தன.

ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. இங்கே ஒரு துகளைத் தொட்டால், எங்கோ இருக்கும் அதன் ஜோடியும் அதே கணத்தில் அசைந்தது. ஐன்ஸ்டீனுக்கு இது பிடிக்கவில்லை. 1955-ம் ஆண்டு அவர் காலமானார். வழக்கு முடியவில்லை.

பதினாறு வயதில் வேலைக்குப் போன பையன்

வழக்கை முடித்து வைக்க வழி சொன்னவர் ஜான் பெல். 1928-ம் ஆண்டு, அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில், ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்.

பதினாறு வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்க உடனே வழி இல்லை. அவ்வூர்ப் பல்கலைக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி உதவியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டு, அதே பல்கலைக் கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார்!

பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் உள்ள 'செர்ன்' ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய பதவி வகித்தார். அங்கே அவருக்குச் சம்பளம் கொடுத்த வேலை வேறு. சீட்டு வழக்கை ஓய்வு நேரத்தில்தான் ஆராய்ந்தார்.

போம் எழுதியதைப் படித்ததும் பெல்லுக்கு வான் நாய்மன் கணக்கின் மேல் சந்தேகம் வந்தது. தாமே சோதித்துப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது. அதோடு அவர் நிற்கவில்லை. "சீட்டு உண்டா, இல்லையா என்று வாயால் வாதாட வேண்டாம். எண்ணிப் பார்த்தே சொல்லிவிடலாம்" என்று 1964-ம் ஆண்டு ஒரு வழி காட்டினார்.

அந்த வழி மிக எளிமையானது. மூன்றாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் போதும். அதன் சாரத்தை ஒரு விளையாட்டாகப் பார்ப்போம்.

இரட்டையர் விளையாட்டு

ராமன், லட்சுமணன் என்று இரட்டைப் பிள்ளைகள். ராமனைச் சேலத்தில் ஓர் அறையில் உட்கார வைக்கிறோம். லட்சுமணனை நாமக்கல்லில் ஓர் அறையில் உட்கார வைக்கிறோம். நடுவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒருவரோடு ஒருவர் பேச வழி கிடையாது.

மூன்று கேள்விகள் உண்டு.

காபி பிடிக்குமா?

கபடி பிடிக்குமா?

சினிமா பிடிக்குமா?

ஒவ்வொரு தடவையும், ஒவ்வொருவரிடமும் ஏதாவது ஒரு கேள்வி மட்டும் கேட்போம். எந்தக் கேள்வி என்பது கடைசி நிமிடம் வரை அவர்களுக்குத் தெரியாது. பதில் 'ஆம்' அல்லது 'இல்லை'. அவ்வளவுதான்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் இருவரும் சந்தித்துப் பேசிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு ஆட்டம் பதிலை மாற்றிக்கொள்ளலாம்.

விளையாட்டு பல நூறு தடவை நடக்கிறது. இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டபோதெல்லாம் இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

நாம் என்ன நினைப்போம்? "பயல்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டு, பதில்களைச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள்" என்றுதான் நினைப்போம். ஐன்ஸ்டீன் நினைத்ததும் இதுவே.

சரி. சீட்டு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அதில் மூன்று பதில்கள் இருக்க வேண்டும். பதில்களோ இரண்டே வகை.

மூன்று விருந்தாளிகளை இரண்டு அறைகளில் தங்க வைத்தால் என்ன ஆகும்? ஏதாவது ஓர் அறையில் குறைந்தது இருவர் இருந்தே தீர வேண்டும். அதே போல, சீட்டில் உள்ள மூன்று பதில்களில் குறைந்தது இரண்டு, ஒன்றாக இருந்தே தீர வேண்டும்.

உதாரணமாக, காபிக்கு 'ஆம்', கபடிக்கு 'ஆம்', சினிமாவுக்கு 'இல்லை' என்று எழுதியிருக்கிறது என்போம்.

இப்போது இருவரிடமும் வெவ்வேறு கேள்விகளைக் கேளுங்கள்.

காபியும் கபடியும் கேட்டால், பதில் ஒன்றாக இருக்கும்.

காபியும் சினிமாவும் கேட்டால், பதில் மாறும்.

கபடியும் சினிமாவும் கேட்டால், பதில் மாறும்.

மூன்றில் ஒன்று ஒத்துப்போகிறது. சீட்டில் எப்படி மாற்றி எழுதினாலும், இதற்குக் குறையவே குறையாது. மூன்று பதில்களும் ஒன்றாகவே இருந்தால், மூன்றுக்கு மூன்றும் ஒத்துப்போகும். அதாவது, கூடலாமே தவிரக் குறையாது. பேனாவும் தாளும் எடுத்து எழுதிப் பாருங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே, வெவ்வேறு கேள்விகளைச் சமமாகக் கலந்து 300 தடவை கேட்டால், ஏறக்குறைய 100 தடவையாவது பதில் ஒத்துப்போக வேண்டும். சட்டைப் பையில் சீட்டு இருந்தால் இதுதான் விதி.

குவாண்டம் தத்துவம் என்ன சொல்கிறது? "ஒரே கேள்வி கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான். ஆனால், வெவ்வேறு கேள்வி கேட்டால் நாலில் ஒரு தடவைதான் ஒத்துப்போகும்" என்கிறது. 300-க்கு 75!

சீட்டு இருந்தால் 100-க்குக் குறையாது. சீட்டு இல்லாவிட்டால் 75. இரண்டும் சரியாக இருக்க முடியாது. எண்ணிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி!

எண்ணிப் பார்த்தார்கள்

இரட்டைப் பிள்ளைகளுக்குப் பதில் ஜோடி ஒளித்துகள்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் மூன்று கோணங்களில் திருப்பி வைக்கப்பட்ட ஒளி வடிகட்டிகள். ஒளித்துகள் வடிகட்டியைக் கடந்து போனால் 'ஆம்'. தடுக்கப்பட்டால் 'இல்லை'. உண்மையான சோதனைகளில் எண்ணிக்கை சற்று வேறு விதமாக எடுக்கப்பட்டது. ஆனால் சாரம் இதுவே.

1972-ம் ஆண்டு, அமெரிக்காவில் ஜான் கிளாசர் என்ற இளைஞரும் ஸ்டூவர்ட் பிரீட்மன் என்ற மாணவரும் முதல் சோதனையைச் செய்து முடித்தார்கள். ஐன்ஸ்டீன் பக்கமே ஜெயிக்கும் என்பது கிளாசரின் எதிர்பார்ப்பு. ஆனால் முடிவு அவர் ஆசைக்கு எதிராக வந்தது. சீட்டு விதி உடைந்தது! வந்த முடிவை அப்படியே உலகுக்குச் சொன்னார்.

"இரண்டு வடிகட்டிகளும் முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. துகள்களுக்கு எப்படியோ சேதி போயிருக்கலாம் அல்லவா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

1982-ம் ஆண்டு, பாரிஸ் நகரின் அருகே ஆலன் ஆஸ்பே அதற்கும் பதில் சொன்னார். ஒளித்துகள்கள் புறப்பட்டு வழியில் இருக்கும்போதே, கேள்வி மாறும்படி கருவி அமைத்தார். மறுபடியும் சீட்டு விதி உடைந்தது.

ஆஸ்திரியாவில் ஆன்டன் சைலிங்கர் குழுவினர், 1998-ம் ஆண்டு, இருபுறத்துக் கருவிகளையும் 400 மீட்டர் தள்ளி வைத்துச் சோதித்தார்கள். 2015-ம் ஆண்டு ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் தூரத்தில், எஞ்சியிருந்த பெரிய சந்தேகங்களுக்கும் இடம் வைக்காமல் சோதனை நடந்தது. முடிவு மாறவில்லை.

2022-ம் ஆண்டு, கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வழி காட்டிய பெல்? அவர் 1990-ம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். இறந்தவருக்கு நோபல் பரிசு கொடுக்கும் வழக்கம் இல்லை.

தீர்ப்பு என்ன?

தீர்ப்பைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆளுக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதன்படி மட்டுமே துகள்கள் பதில் சொல்கின்றன என்பது தவறு. இதுதான் தீர்ப்பு.

போமின் தத்துவம் இதனால் தோற்கவில்லை. ஏனென்றால், அவர் தனித்தனிச் சீட்டு வைக்கவில்லை. இருவரையும் சேர்த்தே கட்டியிருக்கும் ஓர் அலையை வைத்தார். இன்றைக்கும் அதை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"அப்படியானால், இந்தத் துகள்களை வைத்துச் சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு நொடியில் சேதி அனுப்பலாமா?" என்று கேட்பீர்கள். முடியாது! ஒருவர் பதிலை மட்டும் பார்த்தால், அது பூவா தலையா போட்டது போலத்தான் இருக்கும். இருவர் பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஒற்றுமை தெரியும்.

ரகசியம் ராமனிடமும் இல்லை. லட்சுமணனிடமும் இல்லை. இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இருக்கிறது.

நாமக்கல் பாறையைச் சுற்றி ஒரு கயிறு

ரகசியம் தனிப் பொருளில் இல்லை. முழு அமைப்பில் இருக்கிறது. இதையே வேறொரு வழியாகவும் காட்டியவர், அதே டேவிட் போம்தான்!

நாமக்கல் ஊரின் நடுவே ஒரே கல்லாக நிற்கும் மலை உண்டு. உச்சியில் கோட்டை. மேற்கே நரசிம்மர் குடைவரை. கிழக்கே அரங்கநாதர் குடைவரை. கணித மேதை ராமானுஜத்தின் குலதெய்வமான நாமகிரித் தாயார் கோவிலும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு நீண்ட கயிற்றை எடுத்து வயல்வெளியில் வட்டமாகப் போடுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்தால், கயிறு முழுவதும் கைக்கு வந்துவிடும்.

அதே கயிற்றை நாமக்கல் பாறையைச் சுற்றிப் போட்டுக் கட்டுங்கள். தரையோடு தரையாக எவ்வளவு இழுத்தாலும் வராது. நடுவே பாறை இருக்கிறதே! கயிறு பெரிய வட்டமா, சிறிய வட்டமா, கோணலா, நேரா என்பது முக்கியம் அல்ல. பாறையைச் சுற்றியிருக்கிறதா, இல்லையா? எத்தனை சுற்று? இதுதான் கேள்வி.

இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத இப்படிப்பட்ட குணங்களை ஆராயும் கணிதத்துக்கு 'டோபாலஜி' என்று பெயர். தமிழில் 'இடவியல்' என்கிறார்கள். இந்தக் கணிதக்காரருக்கு ஓட்டை வடையும், கைப்பிடி வைத்த காபிக் கோப்பையும் ஒன்றுதான். இரண்டிலும் ஓட்டை ஒன்றே!

1959-ம் ஆண்டு, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் போம் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தம் மாணவர் யாகிர் அகரனோவ் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்.

ஒரு காந்தச் சுருள் இருக்கிறது. காந்த சக்தி முழுவதும் அதன் உள்ளே அடைபட்டிருக்கிறது. வெளியே கொஞ்சமும் கசியவில்லை. சுருளின் இரு பக்கமும் எலெக்ட்ரான் அலை போகிறது. அதாவது, பாறைக்குக் கிழக்கேயும் மேற்கேயும் போகிற மாதிரி. பிறகு இரண்டும் ஒன்று சேர்கின்றன.

காந்தம் எலெக்ட்ரானைத் தொடவே இல்லை. ஆனாலும் உள்ளே காந்த சக்தியைக் கூட்டினால், எலெக்ட்ரான் விழும் கோலம் இடம் மாறும். இதுதான் அவர்கள் சொன்னது.

பலர் நம்பவில்லை. 1986-ம் ஆண்டு, ஜப்பான் நாட்டு விஞ்ஞானி அகிரா டோனமுரா சந்தேகத்தைத் தீர்த்தார். கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய காந்தம் ஒன்றை ஓட்டை வடை வடிவில் செய்தார். காந்த சக்தி வெளியே வராதபடி மேலே உலோக உறை போட்டார். எலெக்ட்ரான்களை ஓட்டைக்குள்ளும் வெளிப்புறமும் செலுத்தினார். கோலம் மாறியது!

எலெக்ட்ரான் போன பாதையில் எந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாலும் காரணம் கிடைக்காது. எதைச் சுற்றி வந்தது என்று முழுப் பாதையையும் பார்த்தால்தான் கிடைக்கும்.

ராமனின் மருமகன் கண்ட உண்மை

இதற்கு மூன்றாண்டு முன்னதாகவே, நம் நாட்டில் ஓர் இளைஞர் இதைப் போன்ற ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் உலகம் அதைக் கவனிக்கவில்லை.

அவர் பெயர் பஞ்சரத்தினம். நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். 1934-ம் ஆண்டு பிறந்தவர். பெங்களூரில் ராமன் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் ஒளியை ஆராய்ந்தார்.

அவர் கண்டதை விளங்கிக்கொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு சாத்துக்குடியும் ஒரு தீக்குச்சியும் போதும்.

சாத்துக்குடியின் காம்பு மேலே இருக்கட்டும். காம்பு இருக்கும் இடத்தில் குச்சியைப் படுக்க வைத்து, மருந்து முனை உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். குச்சியைத் திருப்பாமல் அப்படியே கீழ்நோக்கிப் பழத்தின் இடுப்பு வரை நகர்த்துங்கள். மருந்து முனை தரையைப் பார்க்கும். இனிக் குச்சியைத் திருப்பாமல், இடுப்பு ஓரமாக வலப்பக்கம் கால் சுற்று நகர்த்துங்கள். மருந்து முனை இன்னும் தரையைத்தான் பார்க்கிறது. அங்கிருந்து நேராக மேலே காம்புக்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது பாருங்கள்! மருந்து முனை உங்களைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் பார்க்கிறது. வழியில் எங்குமே நீங்கள் குச்சியைத் திருப்பவில்லை. ஆனாலும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியபோது, அது திரும்பியிருக்கிறது! எவ்வளவு திரும்பும் என்பது, பாதை சூழ்ந்த பரப்பைப் பொறுத்தது.

ஒளியை ஒரு நிலையிலிருந்து பல நிலைகளுக்கு மாற்றி, மறுபடி பழைய நிலைக்கே கொண்டு வந்தால், இப்படி ஒரு மாற்றம் அதன் அலையில் தங்கிவிடுகிறது. இதைத்தான் பஞ்சரத்தினம் 1956-ம் ஆண்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 22!

பின்னர் மைசூரிலும், அதன் பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டிலும் பணியாற்றினார். 1969-ம் ஆண்டு, 35-வது வயதிலேயே காலமாகிவிட்டார்.

1984-ம் ஆண்டு, பிரிஸ்டல் நகரத்து மைக்கேல் பெர்ரி, இப்படிப்பட்ட மாற்றங்களுக்கெல்லாம் பொதுவான விதியைக் கண்டார். போமும் அகரனோவும் சொன்னதும் அந்த விதிக்குள் அடங்கியது. உலகம் பெர்ரியைப் புகழ்ந்தது.

அப்போது பெங்களூரில் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்யானந்தாவும், "இது முப்பது ஆண்டுக்கு முன்பே பஞ்சரத்தினம் ஒளியில் கண்டதுதான்" என்று 1986-ம் ஆண்டு எடுத்துக்காட்டினார்கள். பெர்ரி பெங்களூருக்கு வந்து விவரம் அறிந்தார். 1987-ம் ஆண்டு, பஞ்சரத்தினத்தின் பெருமையைத் தாமே விளக்கிக் கட்டுரை எழுதினார். பஞ்சரத்தினத்தின் பெயர் அப்போதுதான் உலகெங்கும் பரவியது.

திருடனுக்கு வேலை இல்லை!

"சீட்டு இருந்தால் நமக்கென்ன? இல்லாவிட்டால் நமக்கென்ன?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் உண்டு.

இன்று பால் பணமும், முட்டைப் பணமும், சம்பளமும் பாங்கிக் கணக்குக்குப் போகின்றன. கைபேசியிலேயே பணம் கை மாறுகிறது. நடுவழியில் திருடன் ஒட்டுக் கேட்காமல் இருக்க, ரகசிய எண்களைப் பூட்டாகப் போடுகிறார்கள். அந்த எண் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருந்தால், என்றைக்காவது ஒருவன் அதைப் படித்துவிடலாம்.

ஜோடித் துகள்களின் பதில்களையே ரகசிய எண்ணாக வைத்துக்கொண்டால்? பதில் எந்தச் சீட்டிலும் முன்பே எழுதப்படவில்லை. இல்லாத சீட்டைத் திருடன் எப்படித் திருடுவான்? நடுவே புகுந்து துகளைத் தொட்டால், ஒத்துப்போகும் கணக்கு கெட்டுவிடும். ஆள் வந்தது தெரிந்துவிடும். 1991-ம் ஆண்டு, ஆர்தர் எக்கர்ட் என்ற விஞ்ஞானி இந்த யோசனையைச் சொன்னார். ஐன்ஸ்டீன் எழுப்பிய சந்தேகம், கடைசியில் பூட்டுச் செய்யப் பயன்பட்டது!

2017-ம் ஆண்டு, சீனா ஒரு செயற்கைக் கோளிலிருந்து ஜோடி ஒளித்துகள்களை அனுப்பி, 1,200 கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு நிலையங்களுக்கு ஆளுக்கு ஒன்றாகச் சேர்த்தது.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. 2023-ம் ஆண்டு ஏப்ரலில், தேசிய குவாண்டம் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தொகை, 6,003 கோடி ரூபாய்க்கு மேல். இத்திட்டத்தின்படி, குவாண்டம் செய்தித் தொடர்பு ஆராய்ச்சிக்குச் சென்னை ஐ.ஐ.டி. ஒரு மையமாக 2024-ம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இனி இதற்காகக் கடல் கடந்து போக வேண்டும் என்பது இல்லை.

எண்ணித் துணிந்தவர்கள்

இந்தக் கதையில் வரும் மனிதர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஒரு பெண்மணி தவற்றைக் கண்டுபிடித்தார், யாரும் கேட்கவில்லை. ஒருவர் வேலையை இழந்தார், ஆராய்ச்சியை விடவில்லை. பதினாறு வயதில் எடுபிடி வேலைக்குப் போன பையன், மேதைகளின் வழக்கைத் தீர்க்க வழி சொன்னான். ஓர் இளைஞர் ஐன்ஸ்டீன் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எண்ணிக்கை வேறாக வந்ததும், அதை மறைக்காமல் சொன்னார். நம் நாட்டு இளைஞர் ஒருவர் 22 வயதில் கண்ட உண்மை, அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து உலகுக்குத் தெரிந்தது.

வான் நாய்மன் சொன்னார் என்பதற்காக அது உண்மையாகிவிடவில்லை. ஐன்ஸ்டீன் சொன்னார் என்பதற்காகவும் ஆகிவிடவில்லை. அதனால் அவர்கள் பெருமை குறைந்துவிடவும் இல்லை. ஐன்ஸ்டீன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், யாரும் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்!

உங்கள் வீட்டுப் பிள்ளை, "அது எப்படி? எனக்கு நம்பிக்கை வரவில்லையே!" என்று கேட்டால், அதட்டி உட்கார வைக்காதீர்கள். தாளும் பேனாவும் கொடுத்து, "நீயே எண்ணிப் பார்" என்று சொல்லுங்கள்.